ஆளில்லாத் தீவில் எல்லாம் அடக்கம்

நம் ஆட்கள் எழுதும் பயணக் கட்டுரைகளில் சில ஆண்டுகளாக ஒரே கடல்தான் வருகிறது. அது எப்போதும் நீலமாக இருக்கும். அதன்மேல் மரக்கால்களில் நிற்கும் ஒரு குடில், குடிலின் தரையில் கண்ணாடி, கண்ணாடிக்குக் கீழே மீன். எழுதியவர் தன் கால்களை நீட்டி ஒரு படம் எடுத்திருப்பார். 'கடல் என்னிடம் பேசியது' என்ற வரி கட்டாயம் உண்டு. 'மௌனம்' என்ற சொல் மூன்று முறையாவது வரும். கடைசிப் பத்தியில் பிரபஞ்சம் வந்து எல்லாவற்றையும் முடித்து வைக்கும். கோலாலம்பூரில் ஏறினால் ஐந்து மணி நேரத்துக்குள் மாலேயில் இறங்கிவிடலாம் என்பதால், முன்பு கேமரன் மலையும் பினாங்கும் எழுதிக்கொண்டிருந்தவர்கள் இப்போது மாலத்தீவு எழுதுகிறார்கள். சிங்கப்பூர் நண்பர்கள் நமக்கும் முன்னாலேயே தொடங்கிவிட்டார்கள். தேனிலவு, பத்தாவது மணநாள், நாற்பதாவது பிறந்தநாள், எதுவானாலும் ஒரு தீவு, ஒரு கட்டுரை.

போவதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. சண்டை அந்தக் கட்டுரைகளோடுதான். அவற்றில் ஆமை இருக்கிறது, திருக்கை இருக்கிறது, பவளப்பாறை இருக்கிறது. மனிதர் ஒருவர்கூட இல்லை. பசியாறலுக்கு முட்டை வந்தது என்று எழுதுகிறார்கள், அது தானாக நடந்து வந்ததைப் போல.

நானும் கணவரும் சென்ற ஆண்டு போனோம். பத்தாவது மணநாள். பிள்ளைகள் இருவரையும் கிள்ளானில் அம்மாவிடம் விட்டுவிட்டு நான்கு இரவுகள். பதினெட்டு வயதுக்குக் கீழே யாருக்கும் அனுமதி இல்லாத, எல்லாம் அடக்கமான ரிசார்ட். சாப்பாடு, மது, சிற்றுண்டி, ஸ்நோர்கல் கண்ணாடி, மாலைப் படகுச் சவாரி எல்லாம் முன்பே கட்டிய பணத்தில் சேர்த்தி. கையில் ஒரு துணிப் பட்டையைக் கட்டிவிட்டார்கள். பிறகு நான்கு நாளும் பணப்பை திறக்கவேயில்லை. நன்றாக இருந்ததா என்றால், இருந்தது. எட்டு வருடங்களுக்குப் பிறகு முதல் முறையாக ஒரு முழுத் தேநீரைச் சூடாகக் குடித்தேன். பிள்ளை பெற்றவர்களுக்கு அது என்னவென்று தெரியும். குழந்தைகள் இல்லாத நான்கு நாளைக் கேட்டு வாங்குவது பாவம் என்று யாராவது சொன்னால் அவரோடும் சண்டை போடத் தயார்.

விஷயம் வேறு. அந்த 'எல்லாம் அடக்கம்', 'பெரியவர்களுக்கு மட்டும்' என்ற இரண்டு வாசகங்களையும் நம் எழுத்தாளர்கள் விருந்தாளியின் பக்கமிருந்து மட்டுமே வாசிக்கிறார்கள். மறுபக்கமிருந்து வாசித்தால் அவை நமக்கு மிக நன்றாகத் தெரிந்த வாசகங்கள். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு, தோட்டத்துப் பிள்ளைகளின் பேரப்பிள்ளைகளுக்கு.

முதலில் இந்த வியாபாரம் எங்கிருந்து வந்தது என்று சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1950இல் பெல்ஜியத்துக்காரரான ஜெரார் பிளிட்ஸ், மயோர்க்கா தீவின் அல்கூதியாவில் கூடாரங்களை அடித்து 'கிளப் மெட்' என்று ஒன்றைத் தொடங்கினார். போர் முடிந்து ஐந்தே வருடம். களைத்துப்போன ஐரோப்பியர்கள் ஒரே விலை கட்டி, மேசையில் கலந்து உட்கார்ந்து, கணக்குப் பார்க்காமல் சாப்பிட வேண்டும் என்பது யோசனை. மதுக்கூடத்தில் மட்டும் பின்னாளில் காசுக்குப் பதிலாகக் கழுத்தில் போட்டிருந்த மணிகளைக் கழற்றிக் கொடுத்தார்கள். காசு கண்ணில் படக்கூடாது. படாவிட்டால் எல்லோரும் சமம் என்று ஒரு நினைப்பு. அதே கிளப் மெட் நம் பகாங் மாநிலத்துச் செராத்திங்கில் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக இருக்கிறது. அதைப் பற்றித் தமிழில் ஒரு நல்ல கட்டுரையும் நான் படித்ததில்லை.

தம்பதியர்க்கு மட்டும் என்ற பிரிவை ஜமைக்கா வளர்த்தது. 1978இல் ஓச்சோ ரியோஸில் 'கப்பிள்ஸ்', 1981இல் மொண்டேகோ பேயில் 'சாண்டல்ஸ்'. தம்பதி என்றால் யார் என்பதையும் விடுதியே முடிவு செய்தது. சாண்டல்ஸ் நிறுவனம் ஆணும் பெண்ணுமாக வந்தவர்களை மட்டுமே ஏற்றுக்கொண்டது, ஒருபால் இணைகளுக்கு இடமில்லை என்ற விதியை 2004இல்தான் கைவிட்டது. யாருடைய காதலுக்குப் படுக்கை விரிப்பது என்பதை வாசலில் நிற்பவர் தீர்மானிக்கிறார் என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இது பிறகு உதவும்.

மாலத்தீவு இதை இன்னொரு படி மேலே கொண்டுபோனது. அங்கே முதல் ரிசார்ட் 1972இல் திறந்தது, குரும்பா. அதன் பிறகு உருவான ஏற்பாடு உலகத்தில் வேறெங்கும் இவ்வளவு சுத்தமாக நடந்ததில்லை. ஒரு தீவு, ஒரு ரிசார்ட். மக்கள் வாழும் தீவுகள் ஒரு பக்கம், சுற்றுலாத் தீவுகள் ஒரு பக்கம். மது, பன்றி இறைச்சி, நீச்சலுடை எல்லாம் இந்தப் பக்கம். பள்ளிவாசல், பள்ளிக்கூடம், மீன்பிடிப் படகு எல்லாம் அந்தப் பக்கம். ஏறக்குறைய 1,200 தீவுகளில் மக்கள் குடியிருப்பவை 200க்கும் கீழே. 2009ஐ ஒட்டி மக்கள் தீவுகளில் விருந்தினர் இல்லங்களுக்கு மீண்டும் வழி திறக்கும் வரைக்கும், சுற்றுலா வந்தவர் உள்ளூர்க்காரர் வீட்டுத் தெருவில் ஓர் இரவு தங்குவதற்குச் சட்டப்படி வழியே இல்லாமல் பல ஆண்டுகள் ஓடின.

இதில் எனக்கு மறக்க முடியாத ஒன்று, ரிசார்ட் தீவுகளுக்கு அந்த ஏற்பாடு வைத்த பெயர். குடியிருப்பற்ற தீவு. ஆளில்லாத் தீவு. முந்நூறு பேர் படுத்தெழுந்து, சமைத்து, கழுவி, துணி துவைத்து, தொழுது, காய்ச்சலில் கிடந்து, வாழ்கிற தீவு கணக்கில் ஆளில்லாத் தீவு. ஆக, மனிதரைப் பார்க்காமல் எழுதும் நம் பயணக் கட்டுரையாளரைப் பெரிதாகக் குற்றம் சொல்லவும் முடியாது. அவர் அரசாங்கக் கணக்குப்படிதான் எழுதியிருக்கிறார்.

'எல்லாம் அடக்கம்' என்று நான் தமிழ்ப்படுத்திச் சொன்னபோது கணவர் சிரித்தார். அடக்கம் என்றால் சேர்த்தி, அடக்கம் என்றால் பணிவு, அடக்கம் என்றால் புதைப்பதும்தான். மூன்றும் அங்கே உண்டு. பணிவை நீங்களே பார்க்கலாம். எதிரே வரும் ஒவ்வொரு ஊழியரும் நின்று, நெஞ்சில் கைவைத்துத் தலைகுனிகிறார். நாளைக்கு முப்பது நாற்பது முறை. இரண்டாவது நாள் முதல் நான் சுற்றுப்பாதையில் போக ஆரம்பித்தேன், அவர்களுடைய கழுத்தை நினைத்து.

சேர்த்தி என்பது எங்கிருந்தோ வந்து சேர்வது. பவளத் தீவில் மண் ஏது? தேங்காயும் மீனும் போக அநேகமாக எல்லாமே கப்பலில் வரவேண்டும். தூத்துக்குடியிலிருந்து மாலேவுக்குத் தோணிகள் இன்றும் காய்கறியும் கட்டுமானச் சாமானும் ஏற்றிக்கொண்டு போகின்றன. இந்தியா ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போடுகிற காலத்திலும் மாலத்தீவுக்கென்று அரிசி, சர்க்கரை, வெங்காயம், உருளைக்கிழங்கு, முட்டை, ஆற்று மணல், ஜல்லி என்று தனி ஒதுக்கீடு வைத்திருக்கிறது. நம் எழுத்தாளர் படம் எடுத்துப் போட்ட அந்த ஆம்லெட்டின் முட்டை நாமக்கல் கோழி போட்டதாக இருக்க நிறைய வாய்ப்புண்டு. அவர் காலடியில் இருக்கும் கான்கிரீட்டில் ஏதோ ஒரு தமிழ் ஆற்றின் மணல் இருந்தாலும் ஆச்சரியமில்லை. கடல் அவரிடம் என்ன பேசியதோ தெரியவில்லை. மணல் பேசியிருந்தால் பரிச்சயமான மொழியாக இருந்திருக்கலாம்.

புதைப்பது திலஃபுஷியில். மாலேவுக்குப் பக்கத்தில், 1992 முதல் குப்பையைக் கொட்டிக் கொட்டியே கடற்காயலில் உண்டாக்கிய தீவு அது. முன்பெல்லாம் விமானம் தாழும்போது வெள்ளைப் புகையாகத் தெரிந்ததை மேகம் என்று பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தவர்கள் உண்டு.

இனி பின்கட்டு.

நாங்கள் தங்கிய தீவை முழுதாகச் சுற்றிவர இருபது நிமிடம் போதும். விருந்தாளிகளின் வில்லாக்கள் எல்லாம் கரையோரமாக வளையம் போல. ஊழியர் குடியிருப்பு தீவின் வயிற்றில், அடர்த்தியாக வளர்த்துவிட்ட புதர் வேலிக்குப் பின்னால். நாலாபக்கமும் கடல் இருக்கிற தீவில், கடலைப் பார்க்க முடியாத ஒரே இடம் அதுதான். காலையில் நடக்கும்போது வேலியில் ஒரு கதவு திறந்து மூடும். அந்த ஒரு கணத்தில் தெரிவது என்னவென்றால்: இரண்டு மாடிக் கட்டடம், வரிசையாகக் கதவுகள், கொடியில் ஒரே நிறச் சட்டைகள், வாசலில் ரப்பர்ச் செருப்புகள். நான் லயத்தில் பிறக்கவில்லை. அம்மா பிறந்தாள். அந்தக் கதவு வரிசையை அம்மாவிடம் காட்டியிருந்தால் ஒரு வார்த்தை கேட்காமல் எண் வீடு எது, தண்டல் வீடு எது என்று சொல்லியிருப்பாள்.

அறையைச் சுத்தம் செய்ய வந்த தம்பி எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, "மேடம் தமிழா?" என்றார். இலங்கை மலையகம், அட்டன் பக்கம். முப்பது வயது இருக்கலாம். அம்மா இன்னும் கொழுந்து பறிக்கிறார். 2022இல் இலங்கையில் எல்லாம் கவிழ்ந்தபோது கிளம்பி வந்தவர். முதல் நாள் மாலை அறைக்குத் திரும்பியபோது கட்டிலில் இரண்டு துண்டுகளை மடித்து இரண்டு அன்னங்கள் செய்து வைத்திருந்தார். மூக்கோடு மூக்கு வைத்து, கழுத்துகள் சேர்ந்து ஒரு இதயம். சுற்றிலும் சிவப்புப் பூ இதழ்கள். வாழையிலையை நறுக்கி எழுத்தெழுத்தாக மணநாள் வாழ்த்து. மறுநாள் யானை. அதற்கு மறுநாள் இரண்டு பேர் கைகோர்த்து உட்கார்ந்திருப்பது போல ஏதோ ஒன்று. ஒரு நாளைக்கு இப்படி எத்தனை அறை என்று கேட்டேன். பன்னிரண்டு, சில நாள் பதினான்கு.

மூன்றாவது நாள் அவர் கேட்டார்.

"பிள்ளைங்க இல்லையாக்கா?"

"ரெண்டு பேர். எங்க அம்மாக்கிட்ட விட்டுட்டு வந்திருக்கோம்."

"எத்தன நாளைக்கி?"

"நாலு நாள்."

தலையாட்டினார். தலையணை உறையை மாற்றிக்கொண்டே, "எனக்கு ஒரு பொம்பளப் புள்ள. போன சித்திரைக்குப் பார்த்தது," என்றார். நாங்கள் போனது மாசியில்.

அவ்வளவுதான் பேச்சு. அவர் குறை சொல்லவில்லை, கண் கலங்கவில்லை. அடுத்த அறைக்கு நேரமாகிவிட்டது என்று தள்ளுவண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இதைப் படித்து அவருக்காக உருகவேண்டாம். அந்த உருகலும் இன்னொரு வகைப் பயணக் கட்டுரைதான். கணக்கை மட்டும் பாருங்கள். மாலத்தீவு வேலைச் சட்டம் ஒரு வருடம் முடிந்தால் 30 நாள் விடுப்பு தருகிறது. அதை முழுதாக, தவறாமல், ஒரே வீச்சில் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனால்கூட, குழந்தைக்குப் பத்து வயது ஆகும்போது அவள் தன் அப்பாவை 300 நாள் பார்த்திருப்பாள். ஒரு வருடத்துக்கும் குறைவு. அவர் பார்த்த ஒன்றாம் வகுப்பு மாணவி வேறு, அடுத்த முறை கதவைத் திறக்கிற பெண் வேறு.

'பெரியவர்களுக்கு மட்டும்' என்று அந்தத் தீவின் இறங்குதுறையில் எழுதிய பலகை இரண்டு பக்கமும் பேசுகிறது. விருந்தாளி தன் பிள்ளையை நான்கு நாள் விட்டுவிட்டு வருகிறார், அதற்குப் பணம் கட்டுகிறார். ஊழியர் தன் பிள்ளையைப் பதினோரு மாதம் விட்டுவிட்டு வருகிறார், அதற்குச் சம்பளம் வாங்குகிறார். குழந்தைகள் வரக்கூடாது என்ற ஒரே விதியில் ஒருவருக்கு ஓய்வு, இன்னொருவருக்கு வேலை. குழந்தைகளை வரவேற்கும் ரிசார்ட்டுகளிலும் இந்த இரண்டாவது பாதி மாறுவதில்லை என்பதைக் கவனியுங்கள். விருந்தாளியின் குழந்தைக்குக் களிமண் வகுப்பும் குட்டி நீச்சல்குளமும் இருக்கும். ஊழியரின் குழந்தைக்கு அங்கும் இடமில்லை. ஊழியர் பக்கத்தில் எல்லா ரிசார்ட்டுமே பெரியவர்களுக்கு மட்டும்தான். தம்பதியர்க்கான தீவில் இணை இல்லாமல் இருப்பவர்கள் அவர்கள் மட்டுமே. அந்த இரண்டு அன்னங்களையும் மூக்கோடு மூக்கு சேர்த்து வைக்கிற கை அது.

மாலத்தீவுக்காரர்களுக்கும் இதே கதைதான், தூரம் மட்டும் குறைவு. வேறு பவளத்திட்டில் வீடு, இங்கே படுக்கை. மகளை இப்படித் தனித்தீவில் தங்கவிட்டு வேலைக்கு அனுப்ப உள்ளூர்க் குடும்பங்கள் தயங்குவதால், அந்த நாட்டின் மிகப் பெரிய தொழிலில் அந்த நாட்டுப் பெண்களை அரிதாகத்தான் பார்க்க முடிகிறது. வெளிநாட்டுத் தொழிலாளியின் நிலை இன்னும் கீழே. 2022 கணக்கெடுப்பில் ஐந்து இலட்சத்துச் சொச்சம் மக்கள்தொகையில் நான்கில் ஒருவர் வெளிநாட்டவர். அதே ஆண்டு ஜனவரியில் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்ச ஊதியம் அவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை, குடிமக்களுக்கு மட்டும். எல்லாம் அடக்கம், இவர்கள் நீங்கலாக.

ரிசார்ட்டைத் தோட்டத்தோடு ஒப்பிடுவது மிகை என்று ஒரு நண்பர் சொன்னார். அங்கே கங்காணியின் பிரம்பு இல்லை, கடன் சீட்டு இல்லை, வேண்டாமென்றால் விமானம் ஏறிப் போய்விடலாம் என்றார். சரிதான். பிரம்பு இல்லை. ஆனால் தோட்டம் என்பது பிரம்பு மட்டுமா? வேலை கொடுப்பவனே வீடு கொடுப்பது, வேலை போனால் அன்றைக்கே கூரை போவது. வேலை கொடுப்பவனே சோறும் கடையும் மருந்தும் வைத்திருப்பது. உள்ளே யார் வரலாம் போகலாம் என்பதை அவனே முடிவு செய்வது. இதுதான் தோட்டம். 'எல்லாம் அடக்கம்' என்பதை வெள்ளைக்காரன் நமக்கு மயோர்க்காவுக்கும் முன்பாகவே காட்டிவிட்டான். வீடு, ரேஷன், மருந்துக்காரர், கோயில், கள்ளுக்கடை. வெளியே எதற்கும் போகவேண்டாம், போகவும் கூடாது.

1941 கிள்ளான் வேலைநிறுத்தத்தை நினைவுபடுத்துகிறேன். பள்ளிப் புத்தகத்தில் பெரிதாக இருக்காது, நாம்தான் சொல்லிக்கொள்ள வேண்டும். ஆர்.எச். நாதனும் தோழர்களும் முன்வைத்த கோரிக்கைகளில் சம்பள உயர்வு இருந்தது. கள்ளுக்கடையை மூடு என்பது இருந்தது. துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கத் தேவையில்லை என்பது இருந்தது. நெஞ்சில் கைவைத்துக் குனியும் அந்தக் கழுத்துகளை நான் மறுபடி நினைத்தது இதைப் படித்தபோதுதான். அந்தப் பட்டியலில் அதிகம் பேசப்படாத இன்னொன்று உண்டு: உறவினரும் நண்பர்களும் தோட்டத்துக்குள் தடையில்லாமல் வந்துபோகும் உரிமை. சொந்த அண்ணன் தங்கையைப் பார்க்க வருவதற்கு நிர்வாகத்தின் அனுமதி வேண்டியிருந்தது. அந்தக் கதவு திறக்க வேண்டுமென்று கேட்டவர்கள்மேல் படையை ஏவினார்கள். துப்பாக்கிச் சூட்டில் ஆட்கள் செத்தார்கள், நாதனை நாடு கடத்தினார்கள். எண்பது வருடத்துக்குப் பிறகு அதே கிள்ளானிலிருந்து ஒருத்தர் தீவுக்குப் போய், சொந்தக்காரர் வர முடியாத ஒரு குடியிருப்பின் வாசலில் நின்று, 'இங்கே மனிதச் சந்தடி இல்லாத அமைதி' என்று எழுதுகிறார். நமக்கு மறதி எவ்வளவு சுகமாக வருகிறது!

ஒரு விஷயத்தில் ரிசார்ட் தோட்டத்தைத் தாண்டிவிட்டது. தோட்டத்துக்குப் பிள்ளைகள் வேண்டியிருந்தது, நாளைய வெட்டுக்காரர்கள் அவர்கள்தானே. அதனால் ஆயாக்கொட்டகை வந்தது. 1923 தொழிலாளர் சட்டம் பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டம் ஒரு பள்ளி நடத்த வேண்டுமென்றது. மாட்டுக்கொட்டகை போன்ற பள்ளிதான், ஆனாலும் பள்ளி. இன்று நாம் மார்தட்டிக்கொள்ளும் தமிழ்ப்பள்ளிகளில் பாதிக்கு மேல் அந்த வழியில் முளைத்தவை. அந்தப் பள்ளியில் அ, ஆ படித்த பிள்ளைதான் பிறகு கதை எழுதியது. சீ. முத்துசாமியின் 'மண்புழுக்கள்' போன்ற ஒரு நாவலுக்குப் பின்னால் லயத்தில் வளர்ந்த குழந்தைகள் பார்த்தது இருக்கிறது. ரிசார்ட்டில் வளரும் குழந்தை இல்லை. பிள்ளைப்பேறு, வளர்ப்பு, பள்ளி, முதுமை எல்லாம் அட்டனில், குமிலாவில், கேரளக் கிராமத்தில், வேறு யாருடைய செலவிலோ. தீவுக்கு வேண்டியது இருபதிலிருந்து நாற்பது வரைக்குமான உடம்பு மட்டும். அந்த வாழ்க்கையைப் பின்னாளில் உள்ளிருந்து எழுத ஒரு பிள்ளைகூட அங்கே இருக்காது. அதனால்தான் போய்வருகிற நாம் எழுதுவது இவ்வளவு முக்கியமாகிறது.

இனி வழக்கமான பதில்கள். 'வேலை கொடுக்கிறார்களே?' ஆமாம், கொடுக்கிறார்கள். அந்தத் தம்பி ஊரில் வாங்கியதைவிட அதிகம் வாங்குகிறார். ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்துக்காக வருடக்கணக்கில் போராடிய மலையகத்தில் பிறந்தவருக்கு இந்தத் தீவு ஏற்றம்தான். சேவைக் கட்டணத்தில் பங்கும் வரும், அதுவும் தென்மேற்குப் பருவமழையில் ஆள் குறைந்தால் குறையும். இதையெல்லாம் மறுக்கவேண்டிய தேவை எனக்கில்லை. சஞ்சிக்கூலியாக வந்தவரும் ஊரில் பஞ்சத்தில் செத்திருப்பார், இங்கே பிழைத்தார். அதனால் தோட்டத்தைப் பற்றி யாரும் எழுதியிருக்கக் கூடாது என்று நாம் சொன்னோமா?

இரண்டாவது பதில் கொஞ்சம் வலிமையானது. 'நம்ம தாத்தா பால் மரம் சீவினார். பேரன் நாலு நாள் வில்லாவில் படுத்தா உனக்கு ஏன் எரியுது? வெள்ளைக்காரன் மட்டும்தான் படுக்கணுமா?' எரியவில்லை. படுங்கள். நானும் படுத்தேன். பதினாலாயிரம் ரிங்கிட், இரண்டு வருடச் சேமிப்பு, ஒரு செண்டுக்கும் வருத்தமில்லை. ஆனால் வராந்தாவில் இடம் கிடைத்ததும் துரையின் கண்ணும் சேர்ந்து கிடைக்க வேண்டுமா? துரைமார்களும் மலாயாவைப் பற்றிப் பயணக் குறிப்புகள் எழுதினார்கள். அந்திச் சிவப்பு, ரப்பர் மர வரிசையின் அழகு, பறவைகள். அவற்றில் நம் தாத்தா தூரத்தில் அசையும் ஒரு புள்ளி. நம் ஆட்களின் மாலத்தீவுக் கட்டுரையில் அந்தப் புள்ளியும் இல்லை.

மாலத்தீவு தூரத்தில் இருக்கிறது என்பதால் இதைச் சொல்ல எனக்கு வசதியாக இருக்கிறது என்று நினைக்கலாம். கிட்டத்திலும் பார்ப்போம். மலேசியாவில் தற்காலிக வேலை அனுமதியில் வரும் வெளிநாட்டுத் தொழிலாளி குடும்பத்தைக் கூட்டிவரக் கூடாது, இங்கே இருக்கும்போது திருமணம் செய்துகொள்ளக் கூடாது. நம் தாத்தாக்கள் விட்டுப்போன அதே தோட்டங்களில், இப்போது செம்பனை, இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் நேப்பாளிகளும் இந்த விதியின் கீழ் வாழ்கிறார்கள். சிங்கப்பூரில் ஒர்க் பெர்மிட்டில் இருக்கும் கட்டுமானத் தொழிலாளி மனைவி மக்களைக் கூட்டிவர முடியாது. சிங்கப்பூரரையோ நிரந்தரவாசியையோ மணக்க வேண்டுமென்றால் அரசின் அனுமதி வேண்டும். யாருடைய காதலுக்குப் படுக்கை விரிப்பது என்று வாசலில் நிற்பவர் தீர்மானிப்பதைக் குறித்து வைக்கச் சொன்னேனே, அது இதற்குத்தான். அந்தத் தொழிலாளர்களில் புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பிள்ளைகள் எத்தனை பேர் என்பது லிட்டில் இந்தியாவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நின்றாலே தெரியும். 2020 ஏப்ரலில் தங்குவிடுதிகளின் கதவுகள் சாத்தப்பட்டபோது ஒரு மாதம் எல்லோரும் கவிதை எழுதினோம். பிறகு எல்லை திறந்ததும் முதல் விமானத்தில் தீவுக்குப் போய்விட்டோம்.

அப்படியென்றால் என்னதான் செய்யச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். போகவேண்டாம் என்று சொல்ல நான் யார்? மாஃபுஷி மாதிரி மக்கள் வாழும் தீவுகளில் விருந்தினர் இல்லங்கள் இருக்கின்றன, மது கிடைக்காது, குழந்தைகள் தெருவில் கத்திக்கொண்டு ஓடும், மாலையில் வாலிபால் நடக்கும். அதைத் தேர்ந்தெடுப்பவர் தேர்ந்தெடுக்கட்டும். ரிசார்ட்டுக்கே போகிறவர் போகட்டும். என் பேச்சு எழுதுகிறவர்களோடு, அதிலும் இப்போதுதான் எழுத ஆரம்பித்திருக்கும் இருபது வயதுக்காரர்களோடு. ஆன்டிகுவாவில் பிறந்த ஜமைக்கா கின்கெய்ட் 1988இல் 'எ ஸ்மால் ப்ளேஸ்' என்ற மெல்லிய புத்தகத்தில், தன் தீவுக்கு வந்திறங்கும் சுற்றுலாக்காரரை நேராக முகத்துக்கு முன்னால் நிறுத்திப் பேசினார். அவர் தீவுக்காரர், அதனால் அப்படிப் பேச முடிந்தது. நமக்கு அதைவிட விசித்திரமான ஓர் இடம் வாய்த்திருக்கிறது. கட்டிலில் படுத்திருப்பதும் நாம், கட்டிலில் அன்னம் செய்து வைப்பதும் நம் மொழி பேசுகிற ஒருவர், தலைக்கு மேலே மூன்று தலைமுறையாக ஒரே மாதிரியான லயத்துக் கதவு. இந்த இடத்திலிருந்து எழுத உலகத்தில் வேறு எத்தனை பேருக்கு முடியும்? இதை வைத்துக்கொண்டு 'கடல் பேசியது' என்று எழுதினால் என்னய்யா அர்த்தம்?

கருணைக் கட்டுரை வேண்டாம், புள்ளிவிவரக் கட்டுரையும் வேண்டாம். வேலிக் கதவு எத்தனை மணிக்குத் திறக்கிறது, ஊழியர் உணவுக்கூடத்தில் இரவு என்ன குழம்பு, சம்பளம் எந்தத் தேதியில் ஊருக்குப் போகிறது, காணொளி அழைப்புக்கு இணையம் எந்த மரத்தடியில் எடுக்கிறது, ஒரு துண்டை அன்னமாக மடிக்க யார் யாருக்குக் கற்றுக்கொடுத்தார்கள், பழகாத கையில் அந்தக் கழுத்து எத்தனை முறை சரியும். பெயர் போடாதீர்கள், அவர் வேலை போய்விடும். இதை விசாரித்து, கேட்டு, நின்று எழுதிய ஒரு மாலத்தீவுக் கட்டுரை வந்தால் சொல்லியனுப்புங்கள். முதல் ஆளாக நான் வாசிக்கிறேன்.